கல்வி வரியும் கல்வித் தானமும்

சென்னையில் சொந்த வீடு உள்ளவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை கார்ப்பரேஷனுக்குச் சொத்து வரி கட்டுகிறார்கள். அந்த வரிக்குள்ளே கல்வி வரி என்று ஒரு பங்கு அடங்கியிருக்கிறது. 2022-இல் சொத்து வரியை ஏற்றியபோது நகரமே முணுமுணுத்தது. சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறதே, மழைத் தண்ணீர் வடியவில்லையே, கொசு மருந்து அடிக்க ஆள் வரவில்லையே, இதற்கா இவ்வளவு வரி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால், "எங்கள் தெருக்கோடியில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதற்கும் நான் காசு கொடுக்கிறேனே, அது எப்படி நடக்கிறது?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டு நான் அறிந்ததில்லை.

சாலை நம்முடையது. சாக்கடை நம்முடையது. பள்ளிக்கூடம் மட்டும் 'அவர்களுடையது'.

அவர்கள் யார் என்று விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளின் பிள்ளைகள். தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவரின் பிள்ளைகள். நாம் குடியிருக்கும் அடுக்கு மாடிக்குச் செங்கல் சுமந்தவர்களின் பிள்ளைகள். இவர்கள் படிக்கிற இடத்தைப் பற்றி நமக்கு இருக்கிற ஒரே உணர்ச்சி 'ஐயோ பாவம்' என்பதுதான். அந்தப் 'பாவ'த்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு நாள் நமக்கு இரக்கம் பொங்கும். பிறந்த நாளோ, பெற்றவரின் திதியோ, கம்பெனியின் ஆண்டு விழாவோ வரும். நோட்டுப் புத்தகங்கள், பென்சில் டப்பாக்கள், ஒரு பெரிய பாத்திரத்தில் கேசரி சகிதம் கார் வந்து நிற்கும். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். தலைமையாசிரியை கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நிற்பார். ஒரு கணக்குப் பாடம் போகும். கொடுக்கிற கையும் வாங்கிக்கொள்கிற கையும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுப்பார்கள். அன்று சாயங்காலம் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றும். வாங்கிக்கொண்ட பிள்ளையின் முகம் அதில் பளிச்சென்று தெரியும். அதனிடம் சம்மதம் கேட்டவர் யாரும் இல்லை.

கொடுக்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால், தாம் வரி கட்டி நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குள் தர்மப் பிரபுவாக நுழைகிறார்களே, அங்கேதான் கோளாறு. தன் வீட்டுக் கூரை ஒழுகினால் மனிதன் கொத்தனாரைக் கூப்பிடுகிறான். கேசரி வாங்கிக்கொண்டு போவதில்லை.

இந்தப் பள்ளிக்கூடங்களின் பழைய கதையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். 1920-இல் பிட்டி தியாகராய செட்டியார் சென்னை நகரசபையின் தலைவராக இருந்தார். ஆயிரம் விளக்கில் இருந்த ஒரு கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவது என்று அப்போது தீர்மானம் ஆயிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கு அது பரவியது. 1925-இல் வெள்ளைக்கார சர்க்கார் ஆரம்பக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று தடுத்தது, சாப்பாடு நின்றது. 1927-இல் நகரசபை மறுபடியும் தொடங்கியது: 25 பள்ளிகள், ஆயிரம் ஏழைப் பிள்ளைகள். காமராஜர் 1956-இல் மாகாணம் முழுவதும் கொண்டுபோனதும், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக்கியதும், 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு நகரசபை, தன் பணத்தில், சபையில் தீர்மானம் போட்டு, சர்க்காரோடு மல்லுக்கட்டி, தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. அது யாரும் போட்ட பிச்சை அல்ல. நகரத்தின் செலவுக் கணக்கில் ஓர் இனம்.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஊர்ப் பள்ளிகளை நடத்தத் தனி எல்லை, தனி வரி, பெரும்பாலான இடங்களில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அமர்த்தும் தனிச் சபை. வீடு வாங்குகிறவன் முதலில் அந்த எல்லைக்குள் பள்ளிக்கூடம் எப்படி என்றுதான் விசாரிக்கிறான். நாம் குடிதண்ணீரை விசாரிக்கிறோம், மெட்ரோ ஸ்டேஷன் எத்தனை தூரம் என்று கேட்கிறோம். இதைச் சொல்வதால் அமெரிக்காவை மெச்சுவதாக நினைக்க வேண்டாம். டெட்ராய்ட் நகரத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கறுப்புப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகள் உட்காராதபடி புறநகர்களுக்குக் குடிபோயின. நகரத்தையும் புறநகர்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்கலாம் என்று கீழ்க்கோர்ட்டுகள் சொன்னதை, 1974-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. எல்லையைத் தாண்டியவர்கள் தப்பினார்கள். 1960-களின் நடுவில் ஏறக்குறைய மூன்று லட்சம் பிள்ளைகள் படித்த டெட்ராய்ட் பொதுப் பள்ளிகளில் இன்று ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் படிக்கிறார்கள். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வாயுள்ளவர்கள் போனது பெரிய காரணம்.

அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓட வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. காலை ஏழரை மணிக்கு மஞ்சள் வேன் வாசலில் வந்து நிற்கிறது.

ஏன் போகிறோம் என்று கேட்டால் முதலில் சொன்ன பதில் இங்கிலீஷ். சரி, 2012, 2013 வருஷங்களில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகள் பரவலாகவே வந்துவிட்டன. நாம் வந்தோமா? அடுத்த பதில், வாத்தியார்கள் சரியில்லை என்பது. தகுதித் தேர்வு எழுதித் தேறி வருகிறவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எத்தனையோ தனியார் பள்ளி ஆசிரியைகளுக்கு அந்தச் சம்பளத்தில் பாதிகூடக் கிடையாது. ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து மேய்க்கிற பள்ளிகளும், வாக்காளர் பட்டியல் வேலைக்கு ஆசிரியரை இழுத்துக்கொண்டு போகிற நாட்களும் உண்டு, வாஸ்தவம். நம் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால் அதை ஒரு வாரம் பொறுப்போமா?

கடைசியில் வரும் பதில்தான் அசல் பதில். அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்: "சேர்க்கை சரியிருக்காது சார்." அதாவது, நமக்குப் பாத்திரம் துலக்குகிறவளின் மகனும் நம் மகனும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது. அவள் கை நம் அடுக்களையில் புழங்கலாம். அவள் பிள்ளையின் தோள் நம் பிள்ளையின் தோளில் படக் கூடாது. நம்மை நாம் முற்போக்கு என்று சொல்லிக்கொள்கிறோம். ஜாதி பார்ப்பதில்லை என்று கல்யாண மேடையில்கூடச் சிலர் நிரூபித்துவிடுகிறார்கள். எல்.கே.ஜி. அட்மிஷனில் பார்க்கலாம் அந்த முற்போக்கை!

என் ஜாதியான எழுத்தாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். நம் கதைகளில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் வாசகரை அழ வைப்பதற்கு மட்டுமே வருகிறது.

சர்க்காரும் நம் வழிக்கே வந்துவிட்டது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தைச் சர்க்கார் கொடுக்கும். தமிழ்நாட்டில் 2013 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இடம் கிடைத்த தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், தன் அடுக்களையில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்காமல் பிள்ளைகளுக்கு ஓட்டலில் டிக்கெட் வாங்கிக் கொடுக்கிற குடும்பத் தலைவனை என்னவென்று சொல்வது?

2015 ஆகஸ்டில் அலகாபாத் ஐகோர்ட்டு நீதிபதி சுதிர் அகர்வால் ஓர் உத்தரவு போட்டார். அரசாங்கப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசு ஆரம்பப் பள்ளிகளிலேயே படிக்கவைக்க வேண்டும் என்றார். அது நடக்கவில்லை; நடக்காது என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். கட்டாயத்தில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் கலெக்டரின் மகள் படிக்கிற பள்ளியில் கழிப்பறைக் குழாய் ஒரு நாளைக்கு மேல் வறண்டு கிடக்காது என்ற விஷயத்தை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

"என் குழந்தையை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது" என்கிறார் ஒரு நண்பர். இப்போது யார் குழந்தையை வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். இதே வர்க்கத்தில் பலர் 2021-இல் கொரோனாவில் சம்பளம் வெட்டுப்பட்டபோது பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். சம்பளம் திரும்பியது, பிள்ளைகளில் பலரும் திரும்பினார்கள்.

பிள்ளையை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று நான் யாரையும் பிடித்து இழுக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற அந்தப் பெற்றோர்கள் அதிகாரியின் எதிரில் எவ்வளவு பேசுவார்கள்? 2016 முதல் 2022 வரை இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் இருந்ததே, அப்போது பள்ளிக்கூடங்களைப் பற்றி யார் கேட்டார்கள்? 2022-இல் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். கார்ப்பரேஷன் கையில் 400-க்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. கொசுவுக்காகக் கவுன்சிலரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் அதே நடையில் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இந்த வார்டுப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம் காலி? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? நான் கட்டிய கல்வி வரியில் எவ்வளவு இங்கே வந்தது? கேட்பதற்கு வரி ரசீது போதும், கேசரி வேண்டாம்.