ஒரு வரியும் ஊரெல்லாம் நெருப்பும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் அச்சில் வந்துவிட்டால் விசாரணையே தேவையில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புகழ் பெற்றவர்கள் சொன்னதாக வரும் செய்திகளில் இவ்வெண்ணம் எத்தகைய தீங்கு விளைவிக்கும் என்பதற்கு 1966-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே சான்று.

இங்கிலாந்தின் 'பீட்டில்ஸ்' இசைக்குழுவைச் சேர்ந்த ஜான் லெனன், மோரீன் கிளீவ் என்ற பெண் நிருபருக்கு அளித்த பேட்டி அவ்வாண்டு மார்ச் 4 அன்று லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் வெளிவந்தது. கிறிஸ்தவம் தேய்ந்து மறையும் என்றும், தங்கள் குழு இப்போது இயேசுவைவிடப் பிரபலம் என்றும் அவர் அதில் கூறியிருந்தார். அவர் சமயம் பற்றி நிறையப் படித்து வருவதையும் நிருபர் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் பெரிய சலசலப்பு எதுவும் எழவில்லை.

ஏறக்குறைய ஐந்து மாதங்கள் கழித்து, அமெரிக்காவில் இளைஞருக்கான 'டேட்புக்' இதழ் அப்பேட்டியை மறுபதிப்புச் செய்தது. ராக் இசையா, கிறிஸ்தவமா, எது முதலில் மறையும் என்று தெரியவில்லை என்ற லெனனின் சொற்களைத் தனியே எடுத்து அட்டையில் போட்டது. அலபாமாவில் ஒரு வானொலி நிலையம் பீட்டில்ஸ் பாடல்களைத் தடை செய்தது. வேறு நிலையங்களும் பின்பற்றின. இசைத்தட்டுகள் தீயில் எறியப்பட்டன. பேட்டியை முழுவதும் படித்துவிட்டு எறிந்தவர் எத்தனை பேர்?

அதே அட்டையில், கறுப்பின மக்கள் அமெரிக்காவில் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து, அக்குழுவின் பால் மக்கார்ட்னி சொன்ன சொற்களும் இருந்தன. அவற்றுக்கு இத்தனை ஆரவாரம் இல்லை. மனச்சான்றைத் தொடும் சொல் மறைந்தது. கோபத்தைத் தூண்டும் சொல் பரவியது.

"அவர் சொன்னது உண்மைதானே?" என்று தோழியர் கேட்கலாம். உண்மைதான். அதைப் படிக்கும்போது எனக்கும் வருத்தமே. ஆனால் ஆகஸ்ட் 11 அன்று சிகாகோவில் நிருபர்களைச் சந்தித்த லெனன், தாம் இயேசுவை இழிவுபடுத்த எண்ணவில்லை என்று விளக்கி, வருத்தமும் தெரிவித்தார். குற்றம் சாட்டியதைப் படித்த ஒவ்வொருவரும் அவருடைய பதிலையும் படிப்பதுதானே நியாயம்?

பொய்யான சொல்லை அச்சிட்டால்தான் அநீதி என்பதில்லை. மெய்யான சொல்லையே முன்னும் பின்னும் வெட்டி, பெரிய எழுத்தில் போட்டாலும் அநீதியே. பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை பத்திரிகையாளருக்கும் உரியது. அவசரப்பட்டு அதைப் பரப்பும் நமக்கும் உரியது. இன்று ஒரு வரி கைப்பேசி வழியே நொடியில் ஊர் சுற்றுகிறது. ஐந்து மாதம் காத்திருப்பதில்லை.

2008-ஆம் ஆண்டில் வத்திக்கான் நாளிதழான 'லொசர்வத்தோரே ரொமானோ', அச்சொல்லை எதிர்பாராத புகழில் திகைத்த ஓர் இளைஞரின் தற்பெருமைப் பேச்சு என்று கூறி, அக்குழுவின் இசையைப் பாராட்டியது. லெனன் இறந்து அப்போது ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பொறுமை 1966-இலேயே இருந்திருந்தால் நெருப்புக்கு வேலை இருந்திராது.

ஆகவே தோழியரே, தலைப்பைக் கண்டதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யார், எங்கே, எதைப் பற்றிப் பேசும்போது அதைச் சொன்னார் என்று கேளுங்கள். கேட்ட பிறகும் கோபம் வந்தால், அது நியாயமான கோபமாக இருக்கும்.