மூன்று கணினிகளும் ஒரு சோதனையும்



மண்சரிவால் சாலை மூடப்படும் நாளில் ‘இன்று பள்ளி இல்லை’ என்னும் செய்தி தொலைந்தால், கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மழையில் காத்து நிற்பர். இப்பணியைத் திறமூல மென்பொருளிடம் ஒப்படைக்கலாமா?

செய்திகளை வரிசையில் காத்து அனுப்பும் ராபிட்எம்கியூவைப் பாருங்கள். பல கணினிகளில் படியெடுத்து வைக்கும் அதன் பழைய முறை, கணினிகளுக்கிடையே தொடர்பு அறுந்தால் செய்தியை இழக்கக்கூடியது. 2024இல் வந்த 4.0 பதிப்பில் நீக்கப்பட்டது. 2019இல் அறிமுகமான பெரும்பான்மை முறையில், மூன்றில் இரு கணினிகள் பதிந்த பின்னரே செய்தி ஏற்கப்படும். ஒன்று வீழ்ந்தாலும் பணி தொடரும்.

எனினும், ‘ஆயத்தம்’ என்னும் அறிவிப்பே சான்றாகாது. செய்தி ஓடும்போதே ஒரு கணினியின் இணைப்பைத் துண்டித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்றதாக மறுமொழி வந்த ஒவ்வொரு செய்தியும் சேர்ந்திருந்தால் நம்பலாம் என்பதே என் கருத்து.