வீட்டுத் தொலைபேசியின் சாவி

பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக வீடுதோறும் வந்து சேர்ந்த செம்புக் கம்பித் தொலைபேசியை 2025 டிசம்பரோடு நிறுத்திவிடுவதென்று முதலில் கெடு வைத்து, பின்பு அதை 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்; ஜெர்மனியில் இந்த மாற்றம் பெரும்பாலும் 2020-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது; நம் ஊர்களிலும் செம்புக் கம்பி இருந்த இடத்திற்கு ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. மனிதக் குரல் இனி இணையத்தின் வழியாகவே பிரயாணம் செய்யும் என்பது நிச்சயமாகிவிட்ட இந்தச் சமயத்தில், அந்தக் குரலை ஆளும் எக்ஸ்சேஞ்சைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிற கிருஹஸ்தருக்கு அந்த உரிமையைச் சட்டம் அளிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

வீட்டுக்குள் எக்ஸ்சேஞ்சா என்று வியப்பவர்கள் 1999-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தாம் தொடங்கிய சிறு ஸ்தாபனத்துக்கு ஓர் எக்ஸ்சேஞ்ச் வாங்கப் பணம் போதாமையால், அந்த யந்திரம் செய்யும் வேலை முழுவதையும் சாதாரணக் கம்ப்யூட்டரே செய்யும்படி ஒரு மென்பொருளை எழுதி, அதற்கு ஆஸ்டெரிஸ்க் என்று பெயரிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கு வழங்கினார். இன்று அதே மென்பொருள் உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்ற கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதனோடு ஓர் அடாப்டரை இணைத்துவிட்டால், பாட்டி பழகிய அதே பழைய தொலைபேசி, அதே மணியோசையுடன், இணையத்தின் வழியே பேசத் தொடங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் அழைத்தால் மட்டும் மணி அடிக்கட்டும், மற்றவர்களின் அழைப்பு பதிவாகட்டும் என்று வீட்டாரே விதி செய்யலாம். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று ஓயாமல் தொல்லைப்படுத்தும் யந்திரக் குரல்களை, ஓர் எண்ணை அழுத்தினாலொழிய உள்ளே வர முடியாதபடி வாசலிலேயே நிறுத்தலாம். இணையம் உள்ள வேறோர் ஊரில் வசிக்கும் மகளின் கைப்பேசியை, அடுத்த அறையில் இருப்பது போலவே, வீட்டின் ஓர் எக்ஸ்டென்ஷனாக்கலாம். யார் யாரை எப்போது அழைத்தார்கள் என்ற குறிப்பும் வீட்டிலேயே தங்கும். சுயாதீனம் என்பதன் பிரத்தியட்சமான பிரயோஜனம் இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

ஆயினும் ஊராரோடு பேசுவதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தொலைபேசி நிறுவனம்தான் தர வேண்டும். அதை நம் எக்ஸ்சேஞ்சில் சேர்ப்பதற்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் பயனர் பெயரும் ரகசியச் சொல்லும் வேண்டும். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம், ரவுட்டரைத் தேர்ந்தெடுப்பது சந்தாதாரரின் உரிமை என்றும், இணையத்துக்கும் தொலைபேசிக்கும் உரிய விவரங்களை அவரிடம் கொடுத்தே தீர வேண்டும் என்றும் விதித்தது. பிரிட்டனிலோ பி.டி. நிறுவனத்தின் டிஜிட்டல் வாய்ஸ் என்ற இணையத் தொலைபேசிச் சேவை, அந்நிறுவனம் தரும் ரவுட்டரிலேதான் இயங்குகிறது. வேறு வழி வேண்டுபவர் தம் எண்ணையே வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

வீட்டில் எக்ஸ்சேஞ்ச் வைக்கும் உரிமைக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபணைகளில் ஒன்று மிகக் கனமானது. பழைய கம்பி, எக்ஸ்சேஞ்சில் இருந்த பாட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரத்தையும் தானே சுமந்து வந்ததால், ஊரெல்லாம் இருளில் மூழ்கிய இரவிலும் டாக்டரையோ தீயணைப்பு நிலையத்தையோ அழைக்க முடிந்தது. இணையத் தொலைபேசி, வீட்டில் மின்சாரம் போன மாத்திரத்தில் ஊமையாகிவிடுகிறது. தனியே வாழும் முதியவர்கள் கழுத்தில் அணிந்திருக்கும் அபாய மணிகள் இந்த மாற்றத்தினால் செயலிழந்த சம்பவங்கள் நேர்ந்த பிறகுதான், 2023 டிசம்பரில், விரும்பாதவர்களைக் கட்டாயமாக மாற்றுவதை பிரிட்டிஷ் நிறுவனங்கள் நிறுத்திவைத்தன. வேறு போக்கில்லாதவர்களுக்கு மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு கிடைக்க வழி செய்ய வேண்டும் என்கிறது அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். புயல் வீசிய ஊரில் ஒரு மணி நேரம் எந்த மூலைக்குக் காணும்? சென்னையிலும் கடலூரிலும் புயலைக் கண்டவர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள். தம் வீட்டில் எக்ஸ்சேஞ்ச் வைப்பவர் யு.பி.எஸ். வைக்கும் பொறுப்பையும், அவசரத்துக்கு ஒரு கைப்பேசியை ஆயத்தமாக வைக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். எளிய ரகசியச் சொல்லை வைத்துவிட்டு அயர்ந்தால், எங்கோ இருக்கும் திருடர்கள் நுழைந்து வெளிநாட்டு எண்களுக்குப் பேசி, கட்டணத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிடுவார்கள். இவை ஜாக்கிரதையாக இருப்பதற்குக் காரணங்களே தவிர, உரிமையை மறுப்பதற்குக் காரணங்கள் அல்ல. மின்சாரம் போனால் நிறுவனத்தின் பெட்டியும்தான் அணைந்துபோகிறது.

இந்தியாவில் இணையத் தொலைபேசிச் சேவை நடத்த, உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு 2018-ல் வழி திறந்தது. எண்ணை அந்நிறுவனங்களே வழங்கட்டும், சந்தாதாரர் இன்னாரென்பதை அவர்களே சரிபார்க்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஃபைபர் இணைப்போடு வரும் தொலைபேசியின் பயனர் பெயரும் ரகசியச் சொல்லும், கேட்கிற சந்தாதாரருக்கு, இணைப்புக் கொடுக்கும் அன்றே எழுத்து மூலம் தரப்பட வேண்டும் என்று இங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி செய்வதும், செம்புக் கம்பியை எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவரோ நோயாளியோ உண்டா என்று விசாரித்து, அவர்களுக்குப் பாட்டரி வசதியை இலவசமாக வைத்துக் கொடுப்பதை நிறுவனங்களின் கடமையாக்குவதும், இனியும் தள்ளிப்போடக் கூடாத காரியங்கள்.