பரண்மேல் ஒரு ஸ்கேன் கவர்



போன மாதம் திண்டிவனத்தில், எனக்குச் சட்டை தைக்கும் டெய்லர் கடையில் உட்கார்ந்திருந்தேன். "பையன் எப்படி இருக்கான்?" என்றேன். இரண்டு வருடத்துக்கு முன் அவர் மகனுக்கு வலிப்பு வந்து, வேலூரில் மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள்.

"நல்லா இருக்கான் சார். காலேஜ் போறான்."

"ஸ்கேன் எடுத்தீங்களா?"

"ஒண்ணும் இல்லாதப்போ எதுக்கு சார் ஸ்கேன்? ஒரு நாள் கடையும் போயிடும்."

பழைய ஸ்கேன் கவர் எங்கே என்று கேட்டேன். பரணில், தகரக் கூரைக்குக் கீழே, பொங்கல் பானையோடு இருக்கிறதாம். இந்த மாதம் அந்தக் கவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

பையனுக்கு வந்ததை வீட்டில் 'நரம்பு முடிச்சு' என்கிறார்கள். டாக்டர்கள் ஏ.வி.எம். என்பார்கள். அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். வீடூர் அணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்து, கிளை பிரிந்து, வயலில் வேகம் தணிந்து பாய்ந்த பிறகுதான் வடிகாலுக்குப் போகும். நடுவில் வயலே இல்லாமல் வாய்க்கால் நேரே வடிகாலில் விழுந்தால் கரை எத்தனை நாள் தாங்கும்? ஏ.வி.எம்.மில் தமனி அப்படித்தான், நடுவே இருக்க வேண்டிய நுண்குழாய்கள் இல்லாமல், சிரையில் போய்ச் சேருகிறது. வருடத்துக்கு நூற்றில் 2 முதல் 4 பேருக்கு அது வெடித்து ரத்தம் கசியலாம்.

கத்தி வைக்காமல், பல கோணங்களிலிருந்து வரும் கதிர்களை அந்த முடிச்சில் மட்டும் குவிப்பது ரேடியோ சர்ஜரி. 1951இல் ஸ்வீடன் டாக்டர் லார்ஸ் லெக்செல் வைத்த பெயர். நம் வேலூர் சி.எம்.சி.யில், 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பியல் துறையிலும், இன்று இந்தச் சிகிச்சை நடக்கிறது. பெரும்பாலும் ஒரே நாள் வேலை. மறுநாளே பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஏமாந்துபோவதும் இங்கேதான். சிகிச்சை ஒரு நாளில் முடிந்தாலும் முடிச்சு அன்றைக்கே மூடுவதில்லை. கதிர் பட்ட குழாயின் உள்சுவர் மெல்லத் தடித்து, வழி அடைபட இரண்டு மூன்று வருடம் ஆகும். முழுசாக அடைபடும் வரை ரத்தக்கசிவு ஆபத்து அப்படியே இருக்கிறது. வலிப்பு நின்றதை வைத்து முடிச்சு மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. படம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் வேகமாக ஓடும் ரத்தம் கறுப்பாகத் தெரியும். முடிச்சு இருக்கும் இடம் கறுப்புப் புழுக்கள் சுருண்டு கிடப்பது போலிருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுக்கும் ஸ்கேன்களில் அந்தப் புழுக்கள் சிறுத்துக்கொண்டே வர வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் சிலருக்குச் சுற்றிலும் வெள்ளையாக ஒரு வீக்கம் தெரியும். மூன்றில் ஒருவருக்கு இப்படித் தெரியலாம், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்துவிட்டுக் கட்டி என்று அலற வேண்டாம். ஆனால் தலைவலி, கைகால் பலவீனம், மறுபடி வலிப்பு என்று வந்தால் காத்திருக்காதீர்கள். திடீரென்று வந்தால் 108தான்.

எம்.ஆர்.ஐ.யில் புழுக்கள் மறைந்த பிறகும் ஒரு பரீட்சை பாக்கி. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகச் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கி வைத்த முறையின் இன்றைய வடிவம். எம்.ஆர்.ஐ.யின் கண்ணுக்குத் தப்பிய சின்ன மிச்சமும் இதில் அகப்படும். இதுவும் சுத்தம் என்றால்தான் டாக்டர் 'மூடிவிட்டது' என்பார். அதன் பிறகும், பல வருடம் கழித்துச் சிலருக்கு அந்த இடத்தில் நீர்க்கட்டி வருவதுண்டு. அதனால் எப்போதாவது ஒரு ஸ்கேன் தொடரும்.

இதையெல்லாம் டெய்லரிடம் சொன்னேன். அவர் பாதிதான் கேட்டார். சட்டென்று அவர் மேஜை மேலிருந்த அளவு நோட்டைக் காட்டி, "என்னோட பழைய அளவை ஏன் அழிக்காம வச்சிருக்கீங்க?" என்றேன்.

"பழசு இல்லாட்டி நீங்க இளைச்சீங்களா பெருத்தீங்களான்னு எப்படி சார் தெரியும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

ஆகவே, வாசகர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தால் பழைய ஃபிலிம், சி.டி., ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே பையில் வையுங்கள். வெயிலும் சூடும் படாத இடமாகப் பாருங்கள், சில ஃபிலிம்கள் சூட்டில் கறுத்துப்போகும். சிகிச்சை கொடுத்த டாக்டருக்குப் புதுப் படம் மட்டும் போதாது, பழையதும் பக்கத்தில் வேண்டும்.

டெய்லர் பரணில் ஏறிக் கவரை இறக்கினார். விழுப்புரம் போய்க் காட்பாடி பாசஞ்சரைப் பிடித்து, திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியாக மகனோடு வேலூர் போய் வந்தார். முடிச்சு பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறதாம். அடுத்த ஸ்கேன் தேதியை அளவு நோட்டில், என் சட்டை அளவுக்குக் கீழேயே குறித்திருக்கிறார்.

சட்டை இன்னும் வரவில்லை. பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்