முன்னால் ஏரி, பின்னால் மலை

நம் தில்லி வாழ் தமிழ்க் குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு புதிய ஆசை பரவி வருகிறது. விடுமுறை என்றால் ஹரித்வார், வைஷ்ணோ தேவி என்று யாத்திரையாகவே போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது குமாவுன் மலைப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு மரக்குடில் எடுத்து, இரண்டு மூன்று நாள் தாமே சமைத்துச் சாப்பிட்டு வரலாம் என்கிறார்கள். இளைஞர்கள் அதைக் 'கேபின்' என்கிறார்கள். ரயில்வேக்காரனான எனக்குக் கேபின் என்றால் வரிசையாக லீவர்கள் நிற்கும் சிக்னல் கேபின்தான் கண்முன் வரும். போகட்டும். ஆசை நல்ல ஆசைதான். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகள் இருட்டையும் நட்சத்திரத்தையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? ஆனால் திட்டம் போடும் முறையில்தான் எனக்கு ஆட்சேபம்.

இடம் பதிவு செய்யும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியுமா?" என்பது. குடிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏரி ஓடிவந்து யாரையும் அடிப்பதில்லை. மலைதான் இறங்கி வரும்.

நைனிடாலில் 1880 செப்டம்பர் 18 அன்று அதுதான் நடந்தது. விடாமல் பெய்த மழையில் ஏரியின் வட கோடியில் இருந்த மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து 151 பேரைப் பலி கொண்டது. அதற்குப் பிறகு ஆங்கிலேயர் சரிவுகளில் வரிசையாக வடிகால்கள் வெட்டினார்கள். ஊர் இன்றும் நிற்பதற்கு அந்த வடிகால்கள் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2021 அக்டோபரில், தசரா முடிந்து மூன்றே நாளில், முக்தேஷ்வரில் 24 மணி நேரத்தில் 340.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1897 முதல் கணக்கு வைத்திருக்கும் அந்த வானிலை நிலையத்தில் அதுவே உச்சம். நைனிடால் ஏரி நிரம்பிச் சாலையில் வழிந்தது. காத்கோதாம் அருகே கௌலா நதி ரயில் பாதையின் அடிமண்ணை அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ராம்நகர்–ராணிகேத் சாலையில் கோசி நதிக்கரை விடுதி ஒன்றில் வெள்ளம் புகுந்து நூறு பேரளவில் சிக்கித் தவித்தார்கள். அவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அந்த மழையில் உத்தராகண்டில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் மேல்.

ரயில்வேயில் மலையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் நாங்கள் பார்ப்பது சில விஷயங்களைத்தான். அவற்றை நீங்களும் பார்க்கலாம், அதற்குப் படிப்பு தேவையில்லை. சரிவின் உச்சியில் மழைநீரைத் தடுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிடும் கால்வாய் இருக்கிறதா, அது குப்பை அடையாமல் இருக்கிறதா? தாங்குசுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட்டிருக்கிறார்களா? துளையில்லாத சுவர் பார்க்க அழகாக இருக்கும். பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம் தாளாமல் ஒருநாள் சாயும். மேலே நிற்கும் மரங்கள் அடியில் வளைந்திருந்தால், மண் மெல்ல நகர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். தரையில் புதிய விரிசல் கண்டால் அங்கே தங்கவே வேண்டாம். குடில் ஓடையின் வாயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் காய்ந்த பள்ளமாகத் தெரிவதுதான் மழையில் ஆறாகும். விளம்பரப் படத்தில் முன்பக்கத்தை மட்டும் காட்டினால், பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எந்த ஏரி என்று கேட்டால், நைனிடாலை ஒரு பகல் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பேன். மே, ஜூன் மாதங்களில் அங்கே கார் நிறுத்த இடமில்லாமல் வண்டிகளை வழியிலேயே மறித்துவிடுகிறார்கள். அந்த ஊரின் குடிநீரும் அதே ஏரியிலிருந்துதான் வருகிறது. தங்குவதற்கு பீம்தால், சாத்தால், நௌகுசியாதால் பக்கம் மேல். உயரம் குறைவு, 1,200 முதல் 1,400 மீட்டர்தான். முதியவர்களுக்கு மூச்சுத் திணறாது. பீம்தாலில் 1883இல் கட்டிய கல் அணை இருக்கிறது, பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். நௌகுசியாதால் 40 மீட்டர் ஆழம் கொண்டது. மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏற யாரையும் விடாதீர்கள்.

காலம்? பரீட்சை முடிந்த மார்ச் கடைசி, அல்லது நவம்பர். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை கண்டிப்பாகக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் பைன் காடுகளில் தீ உண்டு. 2024 ஏப்ரலில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியிலிருந்து நீர் மொண்டு போய்க் காட்டில் கொட்டின. பைன் மரத்தின் காய்ந்த ஊசி இலைகள் குடிலின் கூரையிலும் சுற்றிலும் குவிந்து கிடந்தால், பெருக்கிவிட்டுத்தான் அடுப்பு மூட்ட வேண்டும்.

நவம்பரில் போனால் வேறொரு ஆபத்து இருக்கிறது. குளிருக்காகக் கரிக்கணப்பை, அந்தப் பக்கத்து அங்கீட்டியை, அறைக்குள் கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். அரைகுறையாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி இறந்த குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோம். குடில்காரர் எவ்வளவு அன்போடு கொண்டுவந்து கொடுத்தாலும் அதை வாசலுக்கு வெளியே வையுங்கள். உள்ளே கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் பெண்மணிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு வார்த்தை. நைனிடால் உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கர் அவசியம். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காது, வறுத்த ரவை எடுத்துப் போங்கள். கேஸ் சிலிண்டரும் மண்ணெண்ணெயும் ரயிலில் கொண்டுபோகக் கூடாது. அடுப்பு அங்கே உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய தில்லியில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை காத்கோதாம். பெயருக்கு மரக்கிடங்கு என்று பொருள். கோதாமே நம் 'கிடங்கு' என்ற சொல்லின் பேரப்பிள்ளை என்பாரும் உண்டு. 1994இல் அகலப்பாதை வந்தபின் பயணம் சுகமாகிவிட்டது. அங்கிருந்து பீம்தால் சுமார் இருபது கிலோமீட்டர். வயிற்றைப் புரட்டும் வளைவுகள் உண்டு, பிள்ளைகளுக்குக் காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு யோசித்தால் வீட்டை விட்டே கிளம்ப முடியாது என்று சிலர் சிரிக்கலாம். மழைக்காலத்திலும் ரயில் ஓடுகிறதே, எப்படி? இரவெல்லாம் விளக்கும் கையுமாக ஒருவர் பாதையில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவதால்தான். 2021இலும் வானிலைத் துறை முன்கூட்டியே சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. அக்டோபர் 18 அன்று பள்ளிகளை மூடினார்கள். ஆகையால் கிளம்பும் முன் மூன்று நாளும் எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால் முன்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். திரும்பும் டிக்கெட்டை விடுமுறையின் கடைசி நாளுக்கு எடுக்காமல் ஒருநாள் முன்னதாகவே எடுங்கள். சாலை அடைபட்டால் அந்த ஒருநாள் கைகொடுக்கும். அடைபடாவிட்டால் வீட்டில் துணி துவைக்க ஆகும்.