காற்றாலை மீட்டரை நம்பலாமா? டெல்லியில் இருக்கும் கட்டைவிரல் அளவு சிப்தான் சாட்சி!

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி பக்கம் ஆடிக் காற்றில் சுற்றும் ஒரு காற்றாலை, ஒரு லட்சம் யூனிட் மின்சாரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 0.2 சதவீதம் பிசகினாலே 200 யூனிட் கணக்கு மாறிவிடும். அது விற்பவர் பணமா, வாங்குபவர் பணமா? சரி, மீட்டர் காட்டுவது சரிதான்னு யார் சொல்வது?

மீட்டரை அதைவிடத் துல்லியமான கருவியோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கருவியை இன்னும் துல்லியமான ஒன்றோடு. இந்தச் சங்கிலியில் வோல்ட்டுக்கான மேல் கண்ணி, டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ‘ஜோசப்சன் வோல்டேஜ் ஸ்டாண்டர்டு’.

அதில் என்ன விசேஷம்?

இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மிக மெல்லிய தடுப்பு. இதுதான் ஜோசப்சன் சந்தி. இதன் மீது மைக்ரோவேவ் பாய்ச்சினால் மின்னழுத்தம் படிப்படியாக ஏறும். படியின் உயரம், அதிர்வெண்ணையும் இரண்டு இயற்கை மாறிலிகளையும் மட்டுமே பொறுத்தது. 1962-ல் இதைக் கணித்தபோது பிரையன் ஜோசப்சனுக்கு வயது 22. 1973-ல் நோபல் பரிசு. பழைய வெஸ்டன் செல் நாளாக நாளாகக் கொஞ்சம் மாறும். இது மாறாது. 2019 மே 20 முதல் அந்த இரண்டு மாறிலிகளும் நிலையான எண்களாகிவிட்டன.

எங்கே சிக்கல்?

70 கிகாஹெர்ட்ஸில் ஒரு சந்தி தருவது வெறும் 0.145 மில்லிவோல்ட். 10 வோல்ட் வேண்டுமென்றால் சுமார் 70,000 சந்திகளைத் தொடராகக் கோக்க வேண்டும். நியோபியத்தில் செய்து, மைனஸ் 269 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். அத்தனை சந்திகளுக்கும் மைக்ரோவேவ் ஏறக்குறைய ஒரே வலுவில் போய்ச் சேரணும். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இது புதுசில்லை: தலைமடையே தண்ணீரைக் குடித்துவிட்டால் கடைமடை காயும். அதனால்தான் மைக்ரோவேவைப் பல இணை வாய்க்கால்களாகப் பிரித்து விடுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இந்த 10 வோல்ட் சிப்பை வடிவமைத்துத் தயாரிப்பவை அமெரிக்காவின் நிஸ்ட், ஜெர்மனியின் பிடிபி போன்ற சில நிறுவனங்கள்தான். ‘விலைக்கு வாங்கினால் போதாதா?’ என்று கேட்கலாம். வாங்கலாம், ஆனால் செய்யும் திறமை கூடவே வராது.

2023-ல் ₹6,003.65 கோடியில் அறிவிக்கப்பட்ட தேசிய குவாண்டம் இயக்கத்தில் எல்லார் கண்ணும் குவாண்டம் கம்ப்யூட்டர் மேல்தான். இந்த சிப்பையும் ஓர் இலக்காக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மெல்லிய தடுப்பு, ஒரே சீரான சந்திகள், மைக்ரோவேவ், கடுங்குளிர் என இரண்டுக்கும் தேவையான கைத்திறன் பெருமளவு ஒன்றுதான். ஜெயித்தோமா இல்லையா என்பதும் பிற நாட்டு சிப்போடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

போடி அரசுப் பொறியியல் கல்லூரியில் மைக்ரோவேவ் பாடம் படிக்கும் மாணவருக்கு, அதைப் போட்டுப் பார்க்க இந்தியாவிலேயே ஒரு வேலை வேண்டாமா?