நனைந்த பாவுக்கு எந்தத் தாள்?



நம் திருப்புட்குழிப் பக்கம் வெள்ளம் வந்தால் தண்ணீர் முதலில் இறங்குவது தறிக்குழியில்தான். மத்திய அரசின் 2022 பேரிடர் நிவாரண விதிப்படி, கைத்தறி நெசவாளருக்குக் கருவிச் சேதத்துக்கு 5,000 ரூபாய், மூலப்பொருள், சரக்கு இழப்புக்கு இன்னொரு 5,000. உரிய அதிகாரி சான்றளித்தால்தான்!

பாவும் ஜரிகையும் சங்கத்துடையது, இல்லை முதலாளியுடையது. வீடோ வாடகை. எந்தத் தாளை நீட்டுவார் அவர்? அதிகாரி வரும்வரை நனைந்த பாவைத் தறியிலேயே மக்க விடுவாரா? (விதி எழுதியவர் தறிக்குழியில் கால் வைத்ததில்லை போலும்.)

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 6,000 ரூபாயை ரேஷன் கடையிலேயே ரொக்கமாகக் கொடுத்தார்களே! நெசவாளர் அடையாள அட்டையைப் பார்த்து இதையும் கொடுக்க என்ன தடை?

வருவாய்த் துறையிலும் கைத்தறித் துறையிலும் இருக்கும் என் மாணவர்களே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைக் கோப்பில் எழுதி மேலே அனுப்புங்கள்.